விழுந்த விமானம் மறுபடி பறக்க வேண்டுமா?

1997 அக்டோபர் 12, ஞாயிற்றுக்கிழமை. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜுக்குப் பக்கத்தில் டக்ஸ்ஃபோர்ட் என்று ஒரு பழைய விமானதளம். இரண்டாம் உலகப்போர் காலத்து விமானங்களைப் பறக்கவிட்டு வேடிக்கை காட்டுவதில் உலகப் புகழ் பெற்ற இடம். அன்றைக்குப் பறந்தவற்றில் ஒன்று ஜெர்மன் போர் விமானம், மெஸ்ஸர்ஷ்மிட் 109. உடம்பில் கறுப்பு நிறத்தில் 6 என்ற எண் இருந்ததால் அதற்குப் பெயரே 'கறுப்பு ஆறு'. அன்றோடு அது பறப்பது முடிந்தது, இனிமேல் அருங்காட்சியகத்தில் நிற்கப் போகிறது என்று முன்கூட்டியே முடிவாகியிருந்தது.

அந்தக் கடைசிப் பறப்பில்தான் விழுந்தது!

எஞ்சினில் கோளாறு என்று தெரிந்து விமானி தரையிறக்கத் திரும்பினார். ஓடுபாதைக்குள் நிறுத்த முடியாது என்ற நிலை. ஓடுபாதை முடிகிற பக்கம் எம்11 நெடுஞ்சாலை, கார்கள் போய்க்கொண்டே இருக்கும் சாலை. விமானத்தை அதற்கு மேலே தாண்டவைத்து, அந்தப் பக்கம் இருந்த வயலில் இறக்கினார். உழுத மண். விமானம் மூக்குக் குத்தித் தலைகீழாகப் புரண்டது. விமானி பிழைத்துக்கொண்டார். சாலையில் போனவர்களுக்கும் ஒன்றும் ஆகவில்லை.

இவ்வளவுதான் சம்பவம். ஆனால் அந்த வயலில் மல்லாந்து கிடந்தது பத்தொன்பது வருட உழைப்பு.

இந்த விமானத்தின் ஜாதகம் கொஞ்சம் விசேஷமானது. 1942-ல் லைப்ஸிக் நகரில் எர்லா தொழிற்சாலையில் செய்யப்பட்டு, நேராக லிபியா பாலைவனத்துக்குப் போனது. நவம்பர் 4-ம் தேதி சண்டையில் அடிபட்டது. எல் அலமெய்ன் தோல்விக்குப் பிறகு ஜெர்மானியர்கள் பின்வாங்கியபோது கம்புட் என்ற தளத்தில் அதை அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள். ஆஸ்திரேலியாவின் 3-வது ஸ்குவாட்ரன் தலைவர் பாபி கிப்ஸ் அதைக் கண்டெடுத்து, சரிசெய்யச் சொல்லி, தானே ஓட்டியும் பார்த்தார். பிறகு கப்பலேறி பிரிட்டன் போய், எதிரி விமானம் எப்படி இருக்கும் என்று சொந்த விமானிகளுக்குக் காட்டிப் பழக்குகிற 1426-வது பிரிவில் வேலை பார்த்தது. போர் முடிந்ததும் கிடங்கு.

1972-ல் ரஸ் ஸ்னாடன் என்ற பிரிட்டிஷ் விமானப்படை அதிகாரி இதைச் சரிசெய்ய ஆரம்பித்தார். சம்பளத்துக்கு அல்ல, ஓய்வு நேரத்தில். கூடவே ஒரு தன்னார்வக் கூட்டம். தலைகீழாகப் பொருத்தப்படும் வி வடிவ 12 சிலிண்டர் டைம்லர்-பென்ஸ் எஞ்சின், அதற்கு உதிரிபாகம் எந்தக் கடையிலும் கிடையாது. எஞ்சினைச் சீர்செய்யக் கைகொடுத்தவர்களில் ரோல்ஸ்-ராய்ஸ் கம்பெனியும் உண்டு. அதாவது போரில் இதே எஞ்சினை முந்துவதற்காக மெர்லின் எஞ்சினைச் செய்துகொண்டிருந்த அதே கம்பெனி (காலம் செய்கிற வேடிக்கை). 1991 மார்ச் 17 அன்று விமானம் பறந்தது. ஆரம்பித்தபோது கைக்குழந்தையாக இருந்தவர்கள் கல்லூரிக்குப் போயிருப்பார்கள். பறந்தது ஆறு வருடம்தான்.

சரி, விழுந்த பிறகு என்ன செய்வது? மறுபடி பறக்கவைப்பதா, நிற்கவைப்பதா? நிற்கவைப்பது என்று முடிவாயிற்று. பழுதுபார்த்து 2002-ல் லண்டன் ஹெண்டனில் உள்ள விமானப்படை அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோனார்கள். பின்னால் அங்கிருந்து காஸ்ஃபோர்டுக்கு மாற்றினார்கள். விமானப் பிரியர்கள் பலருக்கு இதில் வருத்தம். "பறக்காத விமானம் பாடம் செய்த புலி மாதிரி" என்பது அவர்கள் கட்சி. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த முடிவு சரியான முடிவு. ஏன் என்பது, பழுதுபார்ப்பது என்றால் உண்மையில் என்ன என்று பார்த்தால்தான் புரியும்.

முதலில் ஒரு விமானம் தரையில் புரளும்போது என்ன ஆகிறது? எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது புரொப்பல்லர் மண்ணில் மோதினால், சுற்றிக்கொண்டிருந்த கிராங்க்‌ஷாஃப்ட் ஒரு நொடியில் நிற்கிறது. அந்த அதிர்ச்சி கியர் பற்கள், பேரிங், போல்ட் எல்லாவற்றிலும் இறங்குகிறது. வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. எஞ்சினை அக்கக்காகக் கழற்றி, எஃகு பாகங்களைக் காந்தமாக்கி மேலே இரும்புத் துகளைத் தெளித்துப் பார்ப்பார்கள். விரிசல் இருக்கிற இடத்தில் துகள் கோடு போட்ட மாதிரி வந்து ஒட்டிக்கொள்ளும். அலுமினியத்தில் காந்தம் வேலை செய்யாது. அதற்குச் சாயம் தடவி, துடைத்து, விரிசலுக்குள் போன சாயம் மட்டும் வெளியே கசிகிறதா என்று பார்ப்பார்கள். தலைமயிர் கனத்தில் ஒரு கோடு தெரிந்தாலும் அந்த பாகம் போச்சு. (பிரிட்டிஷ் விமானங்கள் பலவற்றில் புரொப்பல்லர் பட்டைகள் மரம். மோதினால் சிராய் சிராயாகச் சிதறிவிடும், எஞ்சினுக்கு அடி கொஞ்சம் குறையும். 109-ல் அவை உலோகம். வளையும், அதிர்ச்சியை உள்ளே அனுப்பும்.)

அடுத்து உடம்பு. நம்மூர் டிங்கரிங் கடையில் கார் கதவைத் தட்டி எடுத்து, பட்டி பார்த்து, பெயின்ட் அடித்துவிடுகிற மாதிரி விமானத் தகட்டைச் செய்ய முடியாது. பறக்கும்போது பாரத்தைத் தாங்குவதே அந்தத் தோல்தான். 109-ன் உடம்பு இடது பாதி, வலது பாதி என்று இரண்டு ஓடுகளாகச் செய்து மேலும் கீழும் இணைக்கப்பட்டது, புளியம்பழ ஓடு மாதிரி. வால் பக்கம் வாங்கிய அடி நடுவில் எங்கேயோ ஒரு சட்டத்தை லேசாக முறுக்கியிருக்கலாம். கண்ணுக்குத் தெரியாது, அளந்தால்தான் தெரியும். வளைந்த அலுமினியத்தை நிமிர்த்தலாம், ஆனால் நிமிர்த்த நிமிர்த்த அது விறைத்துப்போகும். ஒருநாள் பிளக்கும். ஒரு ரிவெட்டை எடுக்க அதன் தலையைத் துளையிட்டு நீக்க வேண்டும். துளை கொஞ்சம் பெரிதாகும். அடுத்த ரிவெட் ஒரு சைஸ் பெரிதாகப் போட வேண்டும். இரண்டு மூன்று முறை இப்படிச் செய்தால் துளைக்கும் ஓரத்துக்கும் நடுவில் உலோகமே மிச்சமிருக்காது. தகட்டையே மாற்ற வேண்டியதுதான்.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. பறக்கவைப்பதற்கான பழுதுபார்ப்பில், ஒரு பாகத்தின் மேல் சந்தேகம் வந்தால் அது வெளியே போகும், புதியது உள்ளே வரும். அப்படித்தான் செய்ய வேண்டும், ஒரு ஆள் அதில் உட்கார்ந்து வானத்துக்குப் போகப் போகிறார். அருங்காட்சியகத்துக்கான பழுதுபார்ப்பில் இது அப்படியே தலைகீழ். சந்தேகம் வந்தாலும் அசல் பாகம் தங்கும். விரிசல் இருந்தால் இருக்கட்டும், பின்னால் ஒரு தாங்கல் கொடுத்தால் போதும். நசுங்கியிருந்தால் முடிந்தவரை நிமிர்த்தி அதையே மாட்டலாம். இரண்டையும் 'ரிப்பேர்' என்ற ஒரே வார்த்தையால் சொல்வதால்தான் பாதி குழப்பம்.

கறுப்பு ஆறில் மிச்சமிருந்தது 1942-ல் லைப்ஸிக்கில் ரிவெட் அடித்த உலோகம். எர்லா தொழிற்சாலையில் ஒரு ஆள் எப்படி வேலை செய்தான், எங்கே அவசரப்பட்டான், எந்த இடத்தில் லிபியாவின் மணல் புகுந்தது என்பதெல்லாம் அந்தத் தகட்டில்தான் இருக்கிறது, புத்தகத்தில் இல்லை. ஏற்கனவே பறப்பதற்காக ஒருமுறை பிரித்து மாற்றியாகிவிட்டது. விபத்துக்குப் பிறகு இன்னொரு முறை அதே வேலை என்றால் மிச்சம் இருப்பதும் ஒரு பெட்டியில் போட்டு ஓரமாக வைக்கப்பட்டிருக்கும். பறக்கிற ஒரு 109 கிடைத்திருக்கும். ஆனால் அது கம்புட்டில் கிடந்த 109 ஆக இருந்திருக்குமா?

இன்னொரு காரணமும் உண்டு. 109 தரையில் ரொம்பத் தகராறு பண்ணுகிற விமானம். அதன் சக்கரக் கால்கள் இறக்கையில் இல்லாமல் உடம்பை ஒட்டி மாட்டப்பட்டிருக்கும். போர்க்களத்தில் இது வசதி, இறக்கையைக் கழற்றினாலும் விமானம் தன் காலில் நிற்கும். ஆனால் இரண்டு சக்கரமும் நெருக்கமாக இருப்பதால் இறங்கும்போதும் ஏறும்போதும் ஆட்டம் காணும். போர்க்காலத்தில் எதிரி சுடாமலே ஓடுபாதையில் உடைந்த 109-கள் ஏராளம். இப்படிப்பட்ட ஒன்றை, உலகத்திலேயே ஒன்றோ இரண்டோதான் இந்த நிலையில் இருக்கிறது என்று தெரிந்தும், மறுபடி ஓடுபாதைக்குக் கொண்டுபோவது சூதாட்டம்.

அப்படியானால் பழைய விமானம் எதுவுமே பறக்கக்கூடாதா? அதுவும் தப்பு. இதற்கு நேர் எதிரான ஒரு கதை இருக்கிறது.

எல்எஃப் 363 என்ற ஹரிக்கேன். 1944 ஜனவரியில் பிரிட்டிஷ் விமானப்படையில் சேர்ந்தது. படையில் கடைசியாகச் சேர்ந்த ஹரிக்கேன் இதுதான் என்று நம்பப்படுகிறது. போர் முடிந்து மற்ற ஹரிக்கேன்கள் காயலான் கடைக்குப் போனபோது இது தப்பி, 1969-ல் வந்த 'பேட்டில் ஆஃப் பிரிட்டன்' படத்தில்கூட நடித்து, போர் நினைவாகப் பழைய விமானங்களைப் பறக்கவிடும் விமானப்படைப் பிரிவில் இருந்தது. 1991 செப்டம்பர் 11 அன்று பறந்துகொண்டிருக்கும்போது எஞ்சினில் கேம்‌ஷாஃப்ட் உடைந்தது. விட்டரிங் தளத்தில் இறக்க முயன்றபோது மோதித் தீப்பிடித்தது. விமானி கணுக்கால் முறிவோடும் சில தீக்காயங்களோடும் வெளியே வந்துவிட்டார். விமானம் எரிந்துபோனது.

ஹரிக்கேன் எரிவது என்பது சாதாரண விஷயம் அல்ல. அதன் பின்பகுதி உள்ளே எஃகுக் குழாய்க் கூடு, அதன் மேல் மரச் சட்டங்கள், அதன் மேல் போர்த்திய துணி. துணியும் மரமும் கற்பூரம் மாதிரி. எஃகுக் குழாய்கள் நிற்கும், ஆனால் சூடு பட்ட குழாயின் பலம் போய்விடும், பார்வைக்கு நன்றாக இருந்தாலும் நம்ப முடியாது. இந்தக் குழாய்களை வெல்டிங் செய்து ஒட்டவும் இல்லை. உருண்டையான குழாயின் முனையைச் சதுரமாக அழுத்தி, பட்டைத் தகடு வைத்து போல்ட் போட்டு இணைக்கிற ஹாக்கர் கம்பெனியின் தனி முறை. 1930-களில் அது சுலபம், பழகிய தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். 1990-களில் குழாயைச் சதுரமாக்கும் கருவியிலிருந்தே யோசிக்க வேண்டியிருந்தது.

இதற்குப் பணம்? அந்தப் பிரிவு தன்னிடம் இருந்த பிஎஸ் 853 என்ற ஸ்பிட்ஃபயரை விற்றது. ஒரு பிள்ளையின் வைத்தியச் செலவுக்கு இன்னொரு பிள்ளையைத் தத்துக் கொடுத்த மாதிரி. அதுவும் சும்மா ஒரு ஸ்பிட்ஃபயர் அல்ல, 1945-ல் எதிரி நாட்டின் மேல் உளவுப் படம் எடுக்கப் பறந்த விமானம். பலருக்கு மனசு ஆறவில்லை. நல்லவேளை, 1996-ல் ரோல்ஸ்-ராய்ஸ் கம்பெனி அதை வாங்கியது. ஹரிக்கேன் 1998 செப்டம்பர் 29 அன்று திரும்பவும் பறந்தது. விழுந்து ஏழு வருடம் கழித்து.

கறுப்பு ஆறைப் பறக்கவிடக்கூடாது என்பவர்கள் எல்எஃப் 363 விஷயத்தில் மட்டும் ஏன் சம்மதிக்க வேண்டும்? ஏனென்றால் காப்பாற்ற வேண்டிய அசல் உலோகம் அந்தத் தீயில் ஏற்கனவே போய்விட்டது. கருகிய கூட்டைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தால் அது 1991 விபத்தின் சாட்சியாக இருந்திருக்கும், 1944-ன் சாட்சியாக அல்ல. திரும்பக் கட்டியதால் கிடைத்தது வேறொன்று. ஹரிக்கேன் கட்டத் தெரிந்த கைகள். சதுர முனைக் குழாயும், மரச் சட்டமும், துணி தைப்பும் தெரிந்தவர்கள் இன்று இருக்கிறார்கள் என்றால் இப்படி விழுந்ததைத் தூக்கி நிறுத்தியவர்களால்தான். தேரின் சக்கரத்தையும் அச்சையும் மாற்றினாலும் தேர் அதே தேர்தான் என்று ஊரில் சொல்வார்கள். ஓடுகிற தேருக்கு அது பொருந்தும். அதே நியாயத்தைச் செப்பேட்டுக்குச் சொல்ல முடியுமா? தேய்ந்துவிட்டது என்று செப்பேட்டைப் புதிதாக வெட்டி, இது அதே செப்பேடுதான் என்றால் யாரும் ஒத்துக்கொள்ளமாட்டார்கள். விமானங்களிலும் இந்த இரண்டு ஜாதியும் உண்டு.

தேர் ஜாதிக்கு இன்னொரு நல்ல உதாரணம் என் 3200 என்ற ஸ்பிட்ஃபயர். 1940 மே மாதம் டன்கர்க் சண்டையில் பிரெஞ்சுக் கடற்கரையில் அவசரமாக இறக்கப்பட்டு, மணலுக்குள் அமிழ்ந்து, 1986-ல் வெளியே தெரிந்தது. 46 வருடம் உப்பு மணலில் ஊறிய அலுமினியத்தை வைத்துக்கொண்டு யாரும் பறக்க முடியாது. 2014-ல் பறந்தபோது அதில் பெரும்பாலும் புது உலோகம். அடுத்த வருடம் இம்பீரியல் போர் அருங்காட்சியகத்துக்கு அதை நன்கொடையாகக் கொடுத்துவிட்டார்கள். அது டக்ஸ்ஃபோர்டில் பறக்கிறது. ஒரு அருங்காட்சியகம் தன் சொத்தைப் பறக்கவிடலாமா என்று கேட்டால், இதை விடலாம். நாளைக்கே அது வயலில் புரண்டாலும் இழப்பு பணமும் உழைப்பும்தான். இன்னொரு இறக்கை செய்துகொள்ளலாம்.

எதிர்க்கட்சியின் வாதத்தில் ஒன்று மட்டும் பலமானது, அதைத் தட்டிக்கழிக்க முடியாது. கறுப்பு ஆறைப் பற்றி இன்று இவ்வளவு தெரிகிறது என்றால் அதைப் பறக்கவைக்க முயன்றதால்தான். சும்மா துடைத்து நிறுத்தியிருந்தால் அந்த எஞ்சினின் உள்ளே யாரும் தலையை விட்டிருக்கமாட்டார்கள். பத்தொன்பது வருடம் தூக்கம் கெட்டவர்களுக்கு, 'இனி பறக்காது' என்பது ஒரு வரிச் செய்தி அல்ல. உண்மைதான். ஆனால் அந்த அறிவு 1991-லேயே கிடைத்துவிட்டது. ஸ்னாடன் அதைப் பற்றிப் புத்தகமே எழுதிவிட்டார். இரண்டாவது முறை பிரித்துச் சேர்ப்பதில் புதிதாகத் தெரியவரப்போவது கொஞ்சம், இழக்கப்போவது அதிகம். உழைத்தவர்களுக்கு அந்த விமானத்தின் மேல் பாசம் இருக்கலாம், உரிமை இருக்கிறது என்று சொல்ல முடியாது. அது பொதுச்சொத்து.

கூட்டத்துக்கு 109 பறப்பதைப் பார்த்தே ஆகவேண்டும் என்றால் அதற்கும் வழி இருக்கிறது. போருக்குப் பிறகு ஸ்பெயின் நாட்டில் 109-ன் உடம்பில் மெர்லின் எஞ்சினைப் பொருத்தி விமானம் செய்தார்கள். எஞ்சின் நிமிர்ந்து உட்காருவதால் மூக்குக்குக் கீழே கழுத்து புடைத்தாற்போல் இருக்கும், அதனால் 'புச்சோன்' என்று பெயர். ஸ்பானிஷ் மொழியில் தொண்டையை உப்பவைத்துக்கொள்ளும் ஒரு வகைப் புறா. சினிமாவில் ஜெர்மன் விமானமாக வேஷம் கட்டுவது பெரும்பாலும் இந்தப் புறாதான். 1969 படத்திலும் இதுதான், 2017-ல் வந்த 'டன்கர்க்' படத்திலும் இதுதான். சத்தம் வேறு, மூக்கு வேறு என்று பழுத்த ரசிகர்கள் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

கடைசியாக, உலோகத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பதில் ஆளை மறந்துவிடக்கூடாது. 2024 மே 25 அன்று எல்எஃப் 363 இருக்கும் அதே பிரிவின் எம்கே 356 என்ற ஸ்பிட்ஃபயர் கோனிங்ஸ்பி தளத்துக்குப் பக்கத்தில் வயலில் விழுந்து, விமானி இறந்துபோனார். பயிற்சி பெற்ற விமானி, கவனமாகப் பராமரிக்கப்பட்ட விமானம், இருந்தும் நடந்தது. எண்பது வயது விமானத்தைப் பறக்கவிடுகிற ஒவ்வொரு முடிவிலும் இந்தக் கணக்கு இருக்கிறது. பழுதுபார்ப்பவர் சந்தேகத்துக்குரிய ஒவ்வொரு பாகத்தையும் தூக்கி எறிவது இதற்காகத்தான். தாத்தா காலத்துப் பொருளாயிற்றே என்று அவர் ஒரு போல்ட்டை விட்டுவைத்தால் அதைக் குறை சொல்ல வேண்டுமே தவிர, புதியது போட்டதை அல்ல.

ஆகவே விமானம் விழுந்த மறுநாள் வசூல் உண்டியலைத் தூக்குவதற்கு முன்னால் செய்யவேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. எந்தத் தகடு எந்த வருடத்தது, எது போருக்கு முன் செய்தது, எது போனமுறை ரிப்பேரில் வந்தது என்று பட்டியல் போடுவது. பட்டியலில் பெரும்பகுதி புதியது என்றால் தாராளமாகக் கட்டிப் பறக்கவிடலாம். பெரும்பகுதி பழையது என்றால் நிமிர்த்தி நிறுத்திவிடலாம். முடிந்தால் இந்தப் பட்டியலை விழுவதற்கு முன்பே போட்டு வைத்திருப்பது நல்லது. விழுந்த பிறகு வயலில் நின்று யோசிக்கும்போது எல்லாருக்கும் அழுகைதான் வருகிறது, கணக்கு வருவதில்லை.